பத்தாவது படித்தவரும் மருந்து கலக்கும் கணக்கும்

(மன்னார்குடியில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேருமா என்ற கவலைக்கு நடுவில் பொருளாதாரம் கேட்க வந்திருக்கிறீர்கள். சுருக்கமாகவே பேசிவிடுகிறேன்.

நாட்டின் சொத்து என்றால் அணை, ஆலை, ரயில் என்றுதான் எண்ணுவோம். மனிதர்களின் படிப்பு, உடல்நலம், கைத்திறன் இவையும் முதல் போட்டு வளர்க்கிற சொத்துதான் என்று 1960-இல் அமெரிக்கப் பொருளாதாரச் சங்கத்தின் தலைமையுரையில் வாதிட்டார் தியோடர் ஷூல்ட்ஸ். வேளாண் பொருளாதாரக்காரர். மனிதனை மூலதனம் என்பதா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. 1979-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சரி, இந்தச் சொத்தை எப்படி அளப்பது? பள்ளியில் எத்தனை வருஷம் படித்தார்கள் என்று எண்ணுவது சுலபமான வழி. அதில் உள்ள ஓட்டையைப் பூச்சிமருந்துக் கடையில் பார்க்கலாம். ஏக்கருக்கு 200 மில்லி மருந்து, 200 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெளிப்பான் 10 லிட்டர் பிடிக்கும். அப்படியானால் டேங்குக்கு 10 மில்லி. பத்தாவது தாண்டியவர்களிலும் பலர் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. கடைக்காரர் “டேங்குக்கு ரெண்டு மூடி ஊத்துங்கண்ணே” என்கிறார், அவ்வளவுதான். மூடி ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு அளவு. மருந்து கூடினால் காசும் போகிறது, பூச்சியைத் தின்னும் சிலந்தியும் சாகிறது. பதிவேட்டில் மட்டும் அந்த விவசாயி பத்து வருஷம் படித்தவர்.

உலக வங்கி 2018-இல் கொண்டுவந்த மனித மூலதனக் குறியீடு இந்த ஓட்டையை அடைக்கப் பார்க்கிறது. குழந்தை ஐந்து வயதைத் தாண்டுமா, வயதுக்கேற்ற உயரம் இருக்கிறதா, எவ்வளவு படிக்கும், அதில் எவ்வளவு மண்டையில் ஏறும், பெரியவராகி 60 வயது வரை இருக்குமா என்றெல்லாம் சேர்த்துப் பார்க்கிறது. 2020 கணக்கில் இந்தியாவுக்கு 0.49. முழுப் படிப்பும் முழு ஆரோக்கியமும் கிடைத்தால் ஒரு குழந்தை வளர்ந்து எவ்வளவு உழைத்து ஈட்டுமோ, அதில் பாதிதான் என்று பொருள். சிங்கப்பூருக்கு 0.88. நம் பிள்ளைகள் சராசரியாக 11.1 வருஷம் பள்ளிக்குப் போவார்கள். கற்றதை வைத்துப் பார்த்தால் அது 7.1 வருஷம்தான். நாலு வருஷம் எங்கே போயிற்று?

பசியிலும் கொஞ்சம் போயிருக்கும். காலை உணவுத் திட்டத்தை மாநிலம் முழுக்க விரிவுபடுத்தும் விழா 2023 ஆகஸ்டில் பக்கத்துத் திருக்குவளையில்தான் நடந்தது. வரவு செலவுக் கணக்கில் உப்புமா செலவாகத்தான் எழுதப்படும். ஷூல்ட்ஸ் கணக்கில் அது முதலீடு.

படிப்பால் வளர்ச்சி வருமா? வரும், ஆனால் படிப்புக்கு வேலை இருக்க வேண்டும். பசுமைப் புரட்சிக் காலத்து இந்தியாவை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் ஃபாஸ்டரும் ரோசன்ஸ்வைக்கும் ஒன்று கண்டார்கள்: புது விதை நன்றாகப் பலன் தந்த இடங்களில்தான் படித்த விவசாயிக்குப் படிப்பால் கூடுதல் வருமானம் கிடைத்தது. ஆடுதுறை 27 நெல் ரகம் வந்த காலத்தைப் பார்த்த பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். புது ரகம், புது உரம், புது நோய் என்று வரும்போதுதான் படித்துப் புரிந்துகொள்கிறவன் முந்துகிறான். பழையபடியே நடக்கும் வயலில் அனுபவம் போதும்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. திருவாரூர் மாவட்டம் ஒரு பிள்ளையைப் பாலிடெக்னிக் வரை படிக்க வைக்கிறது. அவன் சிங்கப்பூர் போகிறான். அவன் உழைப்பு அந்த நாட்டு உற்பத்தியில் சேருகிறது. நமக்கு வருவது அவன் அனுப்பும் பணம். பி.எட். முடித்து வீட்டில் இருக்கும் பெண்ணின் படிப்போ எந்த உற்பத்தியிலும் சேருவதில்லை. இதற்காகவே உலக வங்கி 2020-இல் வேலையில் இருப்போர் அளவையும் சேர்த்து இன்னொரு குறியீடு போட்டது. பெண்கள் அதிகம் வேலைக்குப் போகாத நாடுகளின் எண் அதில் சரிகிறது.

டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்க 2020-இல் சட்டம் வந்தது. நான் அதை முழுமனதாக ஆதரிக்கிறவன். ஆனால் கொள்முதல் செய்த நெல்லை மூட்டை மூட்டையாக சரக்கு ரயிலில் ஏற்றி வெளி மாவட்டத்துக்கு அரவைக்கு அனுப்புகிறோமே, அந்த அரவையும் தரச் சோதனையும் தவிட்டு எண்ணெயும் இங்கேயே நடந்தால் எத்தனை டிப்ளமோக்காரர்களுக்கு வேலை இருக்கும்? கேள்வி நேரத்தில் அரிசி ஆலை நடத்துகிறவர்கள் முதலில் எழுந்து பேசுங்கள்.