40 குதிரை சக்தியில ரேஸ்: ஃபார்முலா மாருதி காலத்து வண்டியும் ஓட்டுனவங்களும்

வணக்கமுங்க. வேலந்தாவளம் பக்கத்துல ஒரு ஷெட்டுக்குள்ள நின்னு பேசறேன். பஸ் ஹாரன் சத்தம் நடுவுல வரும், அது பாலக்காடு போறதா கோயமுத்தூர் போறதான்னு இங்கிருந்து சொல்ல முடியாது, பொறுத்துக்குங்க. பின்னாடி ஸ்டேண்டுல நிக்குது பாருங்க, இரும்புக் குழாயில செஞ்ச கூடு. ஒத்தை சீட்டு, நாலு சக்கரமும் வெளிய. இந்த மாதிரி வண்டியை வெச்சு நம்மூர் ஆளுங்க எப்படி ரேஸ் ஓட்டுனாங்க, எதை எப்படி சரி பண்ணுனாங்க, எது உடைஞ்சுது, ஏன் உடைஞ்சுது, அதைத்தான் இன்னைக்குப் பாக்கப்போறோம். கொழிஞ்சாம்பாறை, சித்தூர், பொள்ளாச்சிப் பக்கம் ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கறவங்க கடைசி வரைக்கும் பாருங்க.

முதல்ல சோழவரம். சென்னையிலிருந்து ஆந்திரா போற கல்கத்தா ரோட்டுல இருக்குது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம். 1950கள்ல இருந்து அங்கதான் ரேஸ். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்துனாங்க. விமானத்துக்குப் போட்ட ரோடுங்கறதால மேடு கிடையாது, பள்ளம் கிடையாது, எந்தப் பக்கம் பாத்தாலும் ஒரே தட்டை. கேக்கறதுக்கு சுலபமா இருக்கும். ஓட்டறவனுக்கு அதுதான் கஷ்டம். பிரேக்கை எங்க மிதிக்கறதுன்னு கண்ணு பிடிச்சு நிக்க ஒரு மரமோ மேடோ வேணும். தட்டை நிலத்துல தூரம் ஏமாத்தும்.

1980களோட ஆரம்பத்துல விஜய் மல்லையா அதே ஓடுதளத்துல என்சைன் ஃபார்முலா ஒன் வண்டியை ஓட்டியிருக்கார். அது காசு இருக்கறவங்க பக்கம். இன்னொரு பக்கம், ஃபியட்டு, ஹெரால்டு கார் எஞ்சினைக் கழட்டி, தானா வெல்டு பண்ணுன குழாய்க்கூட்டுல ஏத்தி ஓட்டுனவங்க. 1990ல ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில 3.7 கிலோமீட்டர் டிராக் வந்ததும் ரேஸ் எல்லாம் அங்க போயிருச்சு.

இதுக்கு நடுவுல கோயமுத்தூர்ல நடந்ததுதான் பெரிய விஷயம். எஸ். கரிவரதன், எல்லாரும் கரின்னு கூப்பிடுவாங்க. ரேஸ் ஓட்டுனவர், வண்டியை வடிவமைச்சவர், ரெண்டும் அவர்தான். நாடு பூரா எந்த மெக்கானிக் ஷெட்டுலயும் ஸ்பேர் கிடைக்கற மாருதி 800 எஞ்சினையே எடுத்து, ஒத்தை சீட்டு ரேஸ் வண்டிக்குள்ள வெச்சார். அதுதான் ஃபார்முலா மாருதி, 1980களோட கடைசியில வந்துச்சு. கரி 1995ல விமான விபத்துல போயிட்டார். செட்டிப்பாளையத்துல இருக்கற கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பேருலதான் இருக்குது.

நரேன் கார்த்திகேயன் முதல் ரேஸ்லயே மேடை ஏறுனது ஸ்ரீபெரும்புதூர்ல, ஃபார்முலா மாருதியில. 2005ல ஜோர்டான் டீம்ல ஃபார்முலா ஒன். கருண் சந்தோக்கும் ஃபார்முலா மாருதியிலதான் ஆரம்பிச்சார். இவங்க பேரு எல்லாத்துக்கும் தெரியும். ஆனா அந்த கிரிட்ல, அதாவது ரேஸ் ஆரம்பிக்கற வரிசையில, நின்ன மத்தவங்க எல்லாம் வாரநாள்ல மில்லையோ கடையையோ பாத்துட்டு, சனி ஞாயிறு ஹெல்மெட் போட்டவங்க. அவங்களுக்கு நல்ல லேப் டைம், அதாவது டிராக்கை ஒரு சுத்து சுத்தற நேரம், எங்கிருந்து வந்துச்சுன்னு பாக்கணுமுங்க. எஞ்சின்ல இருந்து வரலை.

எஞ்சின் எஃப்8பி. 796 சிசி, மூணு சிலிண்டர், 68.5 மில்லிமீட்டர் போர் (சிலிண்டர் விட்டம்), 72 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கற தூரம்), கார்புரேட்டர். ரோட்டு வண்டியில 40 குதிரைக்குக் கொஞ்சம் கம்மி. கியர் நாலுதான். இங்கதான் சிக்கல். மூணாவது கியர் ரேஷியோ 1.33, நாலாவது 0.90. மூணுல 6000 ஆர்பிஎம் வரைக்கும் இழுத்து நாலு போட்டா முள்ளு 4000க்கு விழுந்துரும். அவ்வளவு பெரிய இடைவெளி. எதிர்காத்து அடிச்சா நாலுல வண்டி இழுக்கவே இழுக்காது. அப்ப மூணுலயே இன்னும் 200, 300 ஆர்பிஎம் தாங்கி வெச்சுட்டு அப்புறம் மாத்தணும். செட்டிப்பாளையத்துல ஓட்டுனவங்களுக்கு இது நல்லாத் தெரியும். ஆனி ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அப்படி அடிக்கும். அந்த மாசத்துல மேற்கே பாத்து ஓடற பக்கம் ஒரு கியர் கணக்கு, கிழக்கே திரும்புனா வேற கணக்கு.

சக்தி கம்மியா இருக்கற வண்டியில ஒருதடவை வேகத்தை விட்டா திரும்பக் கிடைக்காது. கணக்குப் போட்டுப் பாருங்க. 400 மீட்டர் நேர்ப் பாதை. சராசரி 100ல போனா 14.4 செகண்ட். வளைவுல கொஞ்சம் கூடுதலா பிரேக் மிதிச்சு, வெளிய வர்றப்ப சராசரி 95 ஆயிருச்சுன்னா 15.2 செகண்ட். முக்கால் செகண்டுக்கும் மேல போச்சு. 100 கிலோமீட்டர் வேகத்துல அது 20 மீட்டர் தூரம், அஞ்சு வண்டி நீளம். ஒரே ஒரு நேர்ப் பாதையில இவ்வளவு. அதனால அந்தக் காலத்து நல்ல டிரைவர் பிரேக்கைக் கடைசி நொடியில மிதிச்சுப் பேர் வாங்கலை. சீக்கிரம் மிதிச்சு, சீக்கிரம் விட்டு, வளைவு பாதி தாண்டறதுக்கு முன்னாடியே ஆக்ஸிலேட்டர் முழுசா இறங்கியிருக்கும். ஸ்டியரிங்கை எவ்வளவு கம்மியா திருப்பறானோ அவ்வளவு நல்லது. முன் சக்கரம் திரும்பி நிக்கற ஒவ்வொரு டிகிரியும் ஒரு பிரேக்குதான்.

இன்னொண்ணு ஸ்லிப்ஸ்ட்ரீம். முன்னாடி போற வண்டி காத்தைக் கிழிச்சுக் குடுக்கும், பின்னாடி ஒட்டிட்டு வர்றவனுக்கு இழுவை குறையும். எல்லாருக்கும் ஒரே எஞ்சின், அதனால முந்தறதுக்கு அதுதான் வழி. ஆனா முன்னவனோட பின்சக்கரத்துல நம்ம முன்சக்கரம் பட்டுறக் கூடாது. உருளற சக்கரத்தோட பின்பக்கம் மேல நோக்கித்தான் சுத்தும். அதுல நம்ம டயர் பட்டுச்சுன்னா அப்படியே தூக்கி மேல எறியும். சக்கரம் மூடியிருக்கற கார்ல உரசுனா பெயின்ட்தான் போகும். இதுல வண்டியே பறக்கும். அதனால நேரா பின்னாடி ஒட்டாம, அரை சக்கர அகலம் தள்ளி வந்து, முந்தற நேரத்துல முழுசா வெளிய வருவாங்க.

இப்ப ஷெட்டு வேலைக்கு வாங்க.

ரேஸ் முடிஞ்சு வந்ததும் முதல் வேலை கூட்டைப் பாக்கறது. சக்கரத்தைக் கூட்டோட சேக்கற விஷ்போன் கையை மாட்டற பிராக்கெட் வெல்டு ஓரத்துலதான் விரிசல் ஆரம்பிக்கும். பெயின்ட் மேல கண்ணுக்குத் தெரியாது. அந்த இடத்துல பெயின்டைச் சுரண்டி எடுத்துட்டு, மண்ணெண்ணெய் தடவி 10, 15 நிமிஷம் விட்டுருங்க. அப்புறம் துணியில சுத்தமாத் துடைச்சு, காஞ்சதும் சாக்பீஸ் பொடி தூவுங்க. விரிசல் இருந்தா உள்ள போன மண்ணெண்ணெய் கசிஞ்சு பொடியில முடி மாதிரி ஒரு கோடு விழும். கோடு விழுந்தா மேலாப்புல வெல்டு ஓட்டிட்டுப் போகக்கூடாது. விரிசலோட ரெண்டு முனையிலும் சின்ன ஓட்டை போட்டு, நடுவுல கிரைண்டர்ல வி மாதிரி வெட்டி, அடி வரைக்கும் நிரப்பணும். ஓட்டை போடாம வெச்சீங்கன்னா வெல்டு சூட்டுலயே விரிசல் அந்தப் பக்கம் ஓடிரும்.

அடுத்து எடை. நாலு சக்கரத்துல எவ்வளவு பாரம் உக்காருதுன்னு பாக்கணும். வண்டி லேசுங்கறதால டாக்டர் கிளினிக்ல வெக்கற மாதிரி நாலு எடை மெஷின் போதும். ஆனா நாலும் ஒரே மட்டத்துல இருக்கணும். அதுக்குக் கொத்தனார் வெச்சிருக்கற டியூப் லெவல்தான் கருவி, தண்ணி ஊத்துன பிளாஸ்டிக் குழாய். ஒரு மூலை 5 மில்லிமீட்டர் இறங்கியிருந்தாக் கூட கணக்கு பொய்யாயிரும். சீட்டுல டிரைவர் எடைக்கு அரிசி மூட்டை வைங்க. டேங்க்ல பாதி பெட்ரோல். இடது முன் சக்கரமும் வலது பின் சக்கரமும் சேந்த கூட்டுத்தொகை ஒரு பக்கம், மத்த ரெண்டும் ஒரு பக்கம். ரெண்டும் சமமா வரணும். வரலைன்னா ஸ்பிரிங் அடியில இருக்கற திருகு வளையத்தை ஒரு சுத்து ஏத்தி இறக்கி, வண்டியை அமுக்கி விட்டு, மறுபடி பாருங்க. குறுக்கு எடை சரியில்லாத வண்டி இடது வளைவுல நல்லாத் திரும்பும், வலதுல மூக்கு நேரா ஓடும். டிரைவர் டயர் சரியில்லைம்பான். டயர் மேல தப்பே இருக்காது.

டோ, அதாவது சக்கரம் நேரா நிக்குதா உள்ள வெளிய திரும்பியிருக்கான்னு, பாக்கறதுக்கு நைலான் நூல். ரெண்டு பக்கமும் ஸ்டேண்டுல இழுத்துக் கட்டி, வண்டி நடுக்கோட்டுக்கு ரெண்டு நூலும் ஒரே தூரத்துல இருக்கான்னு பாத்துட்டு, ரிம்மோட முன் ஓரம், பின் ஓரம் ரெண்டையும் அளக்கணும். பின்சக்கரம் உள்ளபக்கம் 1, 2 மில்லி திரும்பியிருக்கறது நல்லது. வெளிபக்கம் திரும்பியிருந்தா பிரேக் மிதிக்கறப்ப பின்பக்கம் ஆடும்.

டயர் காத்து. ரோட்டுல மாருதிக்கு வெக்கற காத்தை இதுல வெச்சீங்கன்னா நடுப்பட்டை மட்டும் தேயும், பிடி இருக்காது. இந்த எடைக்குக் காலையில குளிர்ந்த டயர்ல 18 பிஎஸ்ஐ வெச்சா, சூடானப்புறம் 22 கிட்ட நிக்கும். டயரோட தோள்பட்டையில சாக்பீஸ்ல குறுக்கே கோடு போட்டு அஞ்சு லேப் ஓட்டுங்க. கோடு தோள் வரைக்கும் அழிஞ்சு அதுக்குக் கீழ நின்னிருந்தா சரி. பக்கச் சுவர் வரைக்கும் அழிஞ்சிருந்தா காத்து கம்மி. கோட்டைத் தொடாம இருந்தா காத்து அதிகம்.

எஞ்சினைக் கொல்றது ரெண்டு விஷயமுங்க. ஒண்ணு ஆயில். எஞ்சின் குறுக்கா உக்காந்திருக்கு, நீளமான வளைவுல ஆயில் சம்ப்போட, அதாவது எஞ்சின் அடியில இருக்கற ஆயில் தொட்டியோட, ஒரு ஓரத்துக்கு ஒதுங்கிரும். பம்ப்பு காத்தை உறிஞ்சும். பிஸ்டன் ராடு கிராங்க்ல சேர்ற இடத்துல இருக்கற பிக் எண்டு பேரிங் அரை நொடி காஞ்சாலும் போதும், அடுத்த ரேஸ்ல தட்டற சத்தம் வரும். வளைவு நடுவுல ஆயில் லைட்டு மினுக்குனா அது ஒயரிங் கோளாறுன்னு விடாதீங்க. சம்ப்பைக் கழட்டி, பம்ப்பு ஆயிலை உறிஞ்சற பிக்கப் குழாயைச் சுத்தித் தகடு வெச்சுத் தடுப்பு கட்டணும், ஆயில் உள்ள வர்ற மாதிரி, வெளிய ஓடாத மாதிரி. ஆயிலை மட்டும் அதிகமா ஊத்திச் சமாளிக்கலாம்னு நினைச்சா, கிராங்க் அதை அடிச்சு நுரையாக்கிரும். நுரைக்குப் பிரஷர் கிடையாது.

ரெண்டாவது சூடு. ரேடியேட்டர் ஒரு பக்கம், எஞ்சின் பின்னாடி, நடுவுல நீள ஹோஸ். ஹோஸ் மேடா இருக்கற இடத்துல காத்து அடைச்சு நிக்கும். தண்ணி நிறைஞ்ச மாதிரித் தெரியும், சிலிண்டர் ஹெட்டுக்குள்ள தண்ணி இருக்காது. ஜாக்கி போட்டு, ஊத்தற வாய்தான் எல்லாத்துக்கும் மேல இருக்கற மாதிரித் தூக்கி, எஞ்சினை ஓட்டி, ஹோஸை அமுக்கி அமுக்கிக் குமிழி நிக்கற வரைக்கும் ஊத்தணும். ஹெட்டு அலுமினியம். ஒருதடவை கொதிச்சா வளைஞ்சிரும், கேஸ்கட் ஊதிரும். நேரான ஸ்கேலை, ஹெட்டுல கேஸ்கட் உக்கார்ற முகத்து மேல குறுக்கும் நெடுக்கும் வெச்சு, ஃபீலர் கேஜ்ங்கற மெல்லிய அளவுத் தகடை விட்டுப் பாருங்க. 0.05 மில்லிமீட்டருக்கு மேல நுழைஞ்சா ஹெட்டை ஃபேஸ் பண்ணணும், அதாவது மெஷின்ல சீவித் தட்டையாக்கணும். புது கேஸ்கட் மட்டும் மாத்தி முடுக்குனா அடுத்த ரேஸ்ல அதே இடத்துல ஊதும். போல்ட்டை நடுவுல இருந்து வெளிய, மூணு தவணையா முடுக்குங்க.

கடைசியா கியர் ராடு. ரோட்டு மாருதியில எஞ்சின் முன்னாடி, இதுல முதுகுக்குப் பின்னாடி. அதனால கைக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவுல நீள ராடு, ரெண்டு மூணு ஜாயிண்ட். ஒவ்வொரு ஜாயிண்ட்லயும் அரை மில்லி ஆட்டம் இருந்தா, கைப்பிடியில ஒரு விரல் அகலம் ஆடும். நாலுல இருந்து மூணுக்கு மாத்தறப்ப அது ஒண்ணாவது கியருக்குள்ள விழுந்துச்சுன்னா எஞ்சின் அது தாங்கற வேகத்தைத் தாண்டிப் போயிரும், வால்வு வளையும். ரேஸுக்கு முந்தின ராத்திரி ஒருத்தர் கியர் பாக்ஸ் பக்கம் நெம்புகோலை அசையாமப் பிடிச்சுக்கணும், இன்னொருத்தர் சீட்டுல உக்காந்து கைப்பிடியை ஆட்டணும். எந்த ஜாயிண்ட் ஆடுதோ அந்த புஷ்ஷை அப்பவே மாத்துங்க, காலையில டிராக்குல அதுக்கு நேரம் இருக்காது.