அகவிலைப்படி யாருக்கு?

தலைவர் அவர்களே, மத்திய அரசு ஊழியர் தோழர்களே, ஓய்வூதியர்களே, வணக்கம்.

எனக்கு முன் பேசியவர்கள் எல்லாரும் பழைய ஓய்வூதியத்தைத் திருப்பிக் கொடு என்றார்கள். பலத்த கைதட்டல். நான் பழைய திட்டத்தில் ஓய்வு பெற்றவன். அதன் அருமை எனக்குத் தெரியும் என்பதால்தான் ஒன்று கேட்கிறேன்: அந்தத் திட்டத்தில் உயிராக இருந்தது எது? கடைசிச் சம்பளத்தில் பாதி என்பீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சம்பளத்தில் பாதியைக் கொடுத்து, அத்தோடு விட்டுவிட்டால் இருபது ஆண்டில் அது மளிகைக் கடைப் பாக்கிக்கும் போதாது. தொழிலாளர் பணியகம் மாதந்தோறும் விலைக் குறியீட்டு எண்ணை வெளியிடுகிறது. அதைப் பார்த்து ஜனவரியிலும் ஜூலையிலும் நமக்கு அகவிலைப்படி கூடுகிறது. உளுந்து விலை ஏறினால் அரசாங்கம்தான் கவலைப்பட வேண்டும், நான் இல்லை. அதுதான் பழைய திட்டம்.

2004 ஜனவரி 1 முதல் பணிக்கு வந்தவர்களிடமிருந்து, முப்படையினர் நீங்கலாக, பறிக்கப்பட்டது அதுவே. அவர்களுக்கு வந்த புதிய ஓய்வூதியத் திட்டத்தில் ஊழியர் தன் சம்பளத்தில் 10 விழுக்காடு போட வேண்டும். அரசு முதலில் 10, 2019 முதல் 14. சேர்ந்த பணத்தில் குறைந்தது 40 விழுக்காட்டுக்கு ஆண்டுத்தொகைத் திட்டம், அதாவது ஓய்வுக்குப் பின் மாதந்தோறும் பணம் தரும் காப்பீட்டுத் திட்டம், வாங்க வேண்டும். அதிலிருந்து வரும் மாதத் தொகை விலைவாசியைத் தொடர்ந்து ஏறுவதில்லை. பங்குச் சந்தை சரிந்தாலும் அவர் தலையில், விலை உயர்ந்தாலும் அவர் தலையில். கோபம் நியாயமானது.

அந்தக் கோபத்துக்கு விடை இரண்டு விதமாக வந்தது. ராஜஸ்தான், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், பஞ்சாப், இமாச்சலம் ஆகிய மாநிலங்கள் பழையதற்கே திரும்புவதாக அறிவித்தன. இதைப் பாராட்டி இங்கே நிறையப் பேசினீர்கள். கணக்குப் பிரிவில் காலம் தள்ளியவன் என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திரும்பிப் போகும் அரசுக்கு முதல் ஆண்டிலேயே லாபம். மாதாமாதம் கட்ட வேண்டிய பங்குத்தொகை மிச்சம். இன்று பணியில் இருப்பவர்கள் ஓய்வு பெறும்போதுதான் உண்மையான செலவு வரும். அன்று அந்த நாற்காலியில் வேறொருவர் இருப்பார். எளிதாகக் கொடுக்க முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு விடை, 2024 ஆகஸ்டில் அறிவித்து 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம். 25 ஆண்டு பணி முடித்தவருக்குக் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி. ஊழியர் 10 விழுக்காடு கட்டுகிறார், அரசு 18.5. விலைவாசி உயர்வுக்கேற்ப நிவாரணமும் உண்டு. குறைகள் இல்லாமல் இல்லை. ஆனாலும் பறிபோன உயிர் திரும்பியிருக்கிறது. இதைத் துரோகம் என்று துண்டுப் பிரசுரத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள், எனக்கு உடன்பாடில்லை. முணுமுணுப்பு கேட்கிறது, பரவாயில்லை.

இப்போது கொஞ்சம் வெளியே பார்ப்போம். தனியார் நிறுவனத்தில் உழைத்தவருக்கு 1995ஆம் ஆண்டின் பி.எஃப். ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. ஓய்வூதியத்துக்குரிய சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுப்பார்கள். 2014இல் வைத்த உச்சவரம்பு 15,000 ரூபாய். 35 ஆண்டு இயந்திரத்தின் முன் நின்றவருக்கு அந்தக் கணக்கில் 7,500 ரூபாய். குறைந்தபட்சம் 1,000 என்று அதே 2014இல் அறிவித்தார்கள். அகவிலைப்படி? கிடையாது.

அமைப்புசாராத் தொழிலாளருக்கு 2015இல் அடல் ஓய்வூதியத் திட்டம் வந்தது. 18 வயதில் சேரும் பிள்ளை மாதம் 210 ரூபாய் கட்டினால் 60 வயதில் மாதம் 5,000 ரூபாய். கேட்க நன்றாக இருக்கிறது. ஆண்டுக்கு 5 விழுக்காடு விலை ஏறினால், 42 ஆண்டு கழித்துக் கிடைக்கும் அந்த 5,000 இன்றைய மதிப்பில் 650க்கும் குறைவு. அதற்காக, வேலை இருக்கிற மாதமும் இல்லாத மாதமும் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதற்கும் கீழே ஒரு படி இருக்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியவர்களுக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகை. 1995இல் 75 ரூபாயாகத் தொடங்கியது, 2006இல் 200 ஆனது. 80 வயதைத் தாண்டியவருக்குப் பின்னர் 500 ஆக்கினார்கள். மற்றவர்களுக்கு அதே 200. நமக்கு அகவிலைப்படி கணக்கிடும் அதே குறியீட்டு எண் அதற்குப் பிறகு மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. ஏற்றம் நமக்கு வந்தது, அந்தப் பாட்டிக்கு வரவில்லை. தமிழ்நாட்டில் ஓ.ஏ.பி. பணம் என்று வாங்குகிறார்களே, 1962இல் 20 ரூபாயில் தொடங்கி 2023இல் 1,200 ஆக உயர்ந்தது, அதில் பெரும்பகுதி மாநில அரசின் பணம். மாநிலத்துக்கு மனமோ வசதியோ இல்லாத இடத்தில் 200ஐ ஒட்டித்தான் கிடைக்கும்.

பணம் எங்கே என்பார்கள். முதியோர், கைம்பெண்கள், மாற்றுத்திறனாளிகள் எல்லாருக்குமான தேசிய சமூக உதவித் திட்டத்துக்கு 2024-25இல் மத்திய அரசு ஒதுக்கியது 9,652 கோடி. ராணுவத்தினர் உட்பட நம் ஓய்வூதியங்களுக்கு அதே ஆண்டில் 2 லட்சம் கோடிக்கு மேல். நம்முடையதைக் குறைக்கச் சொல்லவில்லை. ஓய்வூதியம் கொடை அல்ல, உரிமை என்று 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன நாளை ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம். உரிமை என்றால் நாற்று நட்டவளுக்கும் அதில் பங்கு உண்டுதானே? இந்த உதவி பெறும் முதியவர்கள் ஏறத்தாழ 2.2 கோடிப் பேர். மாதம் 500 ரூபாய் கூட்டினால் ஆண்டுக்குச் சுமார் 13,000 கோடி. இந்த நாட்டால் முடியாத தொகை அல்ல.

ஆகவே இன்றைய தீர்மானத்துக்கு ஒரு திருத்தம் முன்மொழிகிறேன். முதியோர் உதவித்தொகையின் மத்திய பங்கை 700 ரூபாயாக்கி, ஆண்டுக்கு இரண்டு முறை நம் அகவிலைப்படியோடு சேர்த்து உயர்த்த வேண்டும் என்பது முதல் கோரிக்கையாகவும், பழைய ஓய்வூதியம் இரண்டாவதாகவும் இருக்கட்டும். எழுதித் தலைவரிடம் கொடுத்திருக்கிறேன். வாக்கெடுப்புக்கு விடும்படி கேட்டுக்கொள்கிறேன்.