புளிச்சக்கீரையும் கஞ்சா லைசென்ஸும்

நேயர்களுக்கு வணக்கம்.

நிலையத்தார் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘கஞ்சா விற்பனையும் அரசு உரிமமும்’. வீட்டில் சொன்னதும் என் மனைவி, “ரிட்டயராகி இத்தனை வருசம் கழிச்சு இதைப் பேசத்தான் கூப்பிட்டாங்களா?” என்றாள். வருவாய்த் துறையில் வேலை பார்த்தவன் நான். அதில் சில வருடம் கலால் பக்கம் ஓடியது. லைசென்ஸ், பர்மிட், ஏலம், குத்தகை என்ற வார்த்தைகளோடு குப்பை கொட்டியவன். எனக்குள்ள போதை ஏற்காட்டுக் காப்பி ஒன்றுதான். அதைப் பற்றியும் நடுவில் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கதை. 1980-களின் கடைசி. கஞ்சாவுக்கான மத்திய சட்டம் 1985-ல் வந்தது. போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம் என்று நீளமான பெயர். போலீஸ் ஸ்டேஷனில் என்.டி.பி.எஸ். என்றுதான் சொல்வார்கள். அது வந்து மூன்று, நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. ஆபீசுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி. சேர்வராயன் மலையில் இன்ன ஊருக்கு மேலே, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில், ஒரு கிழவி கஞ்சா போட்டிருக்கிறாள் என்று எழுதியிருந்தது. கையெழுத்து கிடையாது. ஆனால் எத்தனை செடி என்று எண்ணி எழுதியிருந்தான், பாருங்கள்!

ஜீப்பில் நாங்கள் ஐந்து பேர். ஒரு எஸ்.ஐ., இரண்டு கான்ஸ்டபிள், நான், கிராம நிர்வாக அலுவலர். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. அத்தனை வளைவிலும் அந்தக் கிராம நிர்வாக அலுவலர் வாயே திறக்கவில்லை. காரணம் உண்டு. தன் கிராமத்தில் கஞ்சா வளர்கிறது என்று தெரிந்தால் கிராம அதிகாரி உடனே மேலே சொல்ல வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது. நிலத்துக்காரருக்கும் அதே கடமை. மனுசனுக்கு வேர்த்துக் கொட்டியது, அந்தக் குளிரில்.

போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. மூடுபனி வேறு. டார்ச் அடித்துப் பார்த்தால், இலை அப்படியே! கைவிரலை விரித்த மாதிரி, விளிம்பில் ரம்பப் பல், ஆள் உயரத்துக்கு நெடுநெடுவென்று தண்டு. எஸ்.ஐ. புதுசு, வேறு மாவட்டத்திலிருந்து வந்தவர். “கேஸ்தான்” என்றார். சாட்சிகள் முன்னால் எழுதும் மகசருக்கு ஆள் தேடச் சொன்னார்.

குடிசையிலிருந்து ஒரு பாட்டி அரிக்கேன் விளக்கோடு வந்தது. மலையாளிப் பழங்குடி அம்மா. வெளியூர் நேயர்களுக்குச் சொல்கிறேன், இவர்கள் கேரளத்து மலையாளிகள் இல்லை. மலையை ஆளுகிற மலையாளி. பாட்டி எங்களை ஏற இறங்கப் பார்த்தது. “என்னங்கய்யா, கீரை வேணும்னா பகல்ல வரக்கூடாதா?” என்று கேட்டது.

எஸ்.ஐ.க்கு நம்பிக்கை வரவில்லை. எனக்கும் பாதிதான் நம்பிக்கை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதனால் விடியட்டும் என்று ஜீப்பிலேயே படுத்துவிட்டோம். காலையில் வெயில் ஏறியதும் செடியில் பூ விரிந்தது. இளமஞ்சள் இதழ், நடுவில் கருஞ்சிவப்பு. செம்பருத்திக் குடும்பம்! கஞ்சா அப்படியெல்லாம் பூக்காது. பாட்டி ஒரு இலையைக் கிள்ளி எஸ்.ஐ. கையில் கொடுத்து, மெல்லச் சொன்னது. மென்றார். முகம் சுருங்கிப் போச்சு. புளிப்பு! புளிச்சக்கீரை, ஐயா! புளிச்சக்கீரை!

தெரியாத இலையை யாரும் இப்படி மென்று பார்க்காதீர்கள். அந்தப் பாட்டி சொன்னதால் மென்றார். இறங்கும்போது ஜீப்பில் இரண்டு கட்டுக் கீரையும் ஏறியது. மகசர் எழுத வைத்திருந்த காகிதத்தில்தான் சுற்றிக் கொடுத்தோம். பிற்பாடு ஒரு தாவரவியல் ஆசிரியரிடம் கேட்டேன். புளிச்சக்கீரையில் ஒரு வகைக்கு வைத்திருக்கிற அறிவியல் பெயரே ஹைபிஸ்கஸ் கன்னாபினஸ், கஞ்சா மாதிரி இலை உள்ள செம்பருத்தி என்றார். பெயர் வைத்தவரும் ஏமாந்திருப்பார் போலிருக்கிறது.

இந்தக் கதையை எதற்கு இழுத்தேன்? கஞ்சா சட்டம் என்றாலே நமக்கு ஒரு செடி கண்ணுக்கு வருகிறது. சட்டம் செடியை முழுசாகப் பார்ப்பதில்லை. துண்டு துண்டாகத்தான் பார்க்கிறது. எந்தத் துண்டு, யார் கையில், எவ்வளவு எடை. இந்த மூன்றையும் விரலில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி வரும்.

எந்தத் துண்டு? 1985 சட்டப்படி கஞ்சா என்றால் பூக்கும் நுனி, காய்க்கும் நுனி. பூ நுனியோடு சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது. செடியிலிருந்து பிரித்த பிசின் சரஸ். அதற்குத் தனிக் கணக்கு. இலை விட்டுப்போனதால்தான் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு லைசென்ஸோடு பாங்கு, அதாவது கஞ்சா இலையில் செய்வது, விற்கும் கடை நடக்கிறது. “அப்போ இங்கேயும் இலை சரிதானே” என்று உடனே கிளம்பிவிடாதீர்கள். நம் மாநிலத்தில் 1937-ம் வருட மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கிறது. அது இலையையும் பிடிக்கும்.

எவ்வளவு எடை? கஞ்சா ஒரு கிலோ வரை சிறிய அளவு. ஒரு வருடம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. குறைந்தது பத்து வருடம், இருபது வரை போகலாம், அபராதம் லட்சத்தில் ஆரம்பிக்கும். ஜாமீன் குதிரைக் கொம்பு. அப்படியென்றால் 20 கிலோவுக்கும் 20 கிலோ 100 கிராமுக்கும் நடுவில் ஒரு மனிதனுடைய பத்து வருடம் தராசில் தொங்குகிறது. சாக்கை எடுத்துவிட்டு நிறுத்தார்களா, காம்பையும் சேர்த்து நிறுத்தார்களா என்று வக்கீல்கள் மணிக்கணக்கில் வாதாடுவது சும்மா இல்லை. செடி வளர்த்தால் இந்த எடைக் கணக்கே கிடையாது, பத்து வருடம் வரை. அந்தப் பாட்டியின் செடி வேறு செடியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

யார் கையில்? இதுதான் லைசென்ஸ் விஷயம். “மொத்தமாகத் தடை” என்று நினைக்கிறோம். சட்டத்தின் எட்டாம் பிரிவிலேயே மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும் கதவு திறந்திருக்கிறது. பத்தாம் பிரிவு மாநில அரசுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் தருகிறது. பதினான்காம் பிரிவில் நாருக்கும் விதைக்கும் பயிரிட அனுமதிக்கலாம். பேப்பர் உள்ளவன் கையில் பயிர். பேப்பர் இல்லாதவன் கையில் குற்றம். செடி ஒன்றேதான்.

இந்தப் பேப்பர் புதுசும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் கள், சாராயம், அபின், கஞ்சா எல்லாம் ஆப்காரி வருமானம், அதாவது கலால் வருமானம். கடை ஏலம் போகும். 1893-ல் ஒரு கமிஷன் போட்டார்கள், இந்திய சணல் போதைப்பொருள் கமிஷன். சணல் என்றால் இங்கே கஞ்சாச் செடி, சாக்குச் சணல் இல்லை. 1,193 சாட்சிகளை விசாரித்து 1894-ல் ஏழு தொகுதி அறிக்கை கொடுத்தது. முற்றிலும் தடை வேண்டாம். வரி போடு, கடையைக் குறை, ஒரு ஆள் வைத்துக்கொள்ளும் அளவைக் கட்டுப்படுத்து என்றது. வங்காளத்தில் நவகாவ் என்ற ஊரில் 1917-ல் கஞ்சா விவசாயிகளுக்குக் கூட்டுறவுச் சங்கமே இருந்தது. நம் ஊர் ஜவ்வரிசிக்கு சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்த ஆப்காரிக் கட்டடத்தில் முதல் கல்லை உருவியது நம் சேலத்தில்தான். ராஜாஜி இங்கே வக்கீல், நகராட்சித் தலைவர். முதலமைச்சராக வந்ததும் 1937 அக்டோபர் 1-ம் தேதி மதுவிலக்கை சேலம் மாவட்டத்தில்தான் தொடங்கினார். அப்போதைய சேலம் என்றால் தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் சேர்ந்தது. மது மட்டுமில்லை, போதைப் பொருளும் அந்தச் சட்டத்தில் உண்டு. வருமானம் போனதே, என்ன செய்வது? 1939-ல் விற்பனை வரி வந்தது. மளிகைக் கடை பில்லில் நாம் இத்தனை வருடம் கட்டிய விற்பனை வரிக்கு ஒரு வேர் சேலத்துச் சாராயக் கடையில் இருக்கிறது என்று நான் சொன்னால் என் பேரன் நம்ப மாட்டேன் என்கிறான்.

இப்போது காப்பி. நேரம் இருக்கிறதா? இருக்கிறது என்று கை காட்டுகிறார்கள்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்தவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் இது உங்களுக்கு. 1942 சட்டத்துக்குப் பிறகு ஐம்பது வருடம், நம் காப்பியை நாம் விற்க முடியாது. வீட்டுக்கும் விதைக்கும் வைத்தது போக அத்தனையும் காப்பி போர்டின் பூலுக்கு, அதாவது பொதுத் தொகுப்புக்குப் போக வேண்டும். பணம் தவணை தவணையாக வரும், வருடக் கணக்கில். 1992-ல் கொஞ்சம் தளர்த்தினார்கள். 1996-ல்தான் முழுசாக விட்டார்கள். காப்பி போதைப் பொருளா? கிடையாது. ஆனாலும் லைசென்ஸ், கணக்கு, பெர்மிட், செக்போஸ்ட் எல்லாம் இருந்தது. கணக்கில் வராத மூட்டை மலையிலிருந்து எப்படி இறங்கும் என்று அந்தக் காலத்தில் செக்போஸ்ட்டில் நின்றவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். நான் பார்த்த வரைக்கும் உள்ளூர் வியாபாரி கொடுக்கும் ரொக்கமும், பூல் கொடுக்கும் தவணையும் எவ்வளவு தள்ளி நிற்கிறதோ, அந்த அளவுக்கு மூட்டை வேறு வழியில் இறங்கும். எந்த லைசென்ஸையும் நான் பார்க்கிற கண்ணாடி இதுதான். கடை வாசலைப் பார்க்காதே, கொல்லைப்புறத்தைப் பார்.

கொல்லைப்புறம் என்றதும் நெதர்லாந்து. அங்கே 1976 முதல் கஞ்சாவை மற்றப் போதைப் பொருட்களிலிருந்து பிரித்து நடத்துகிறார்கள். கஞ்சா விற்கும் கடைக்குக் காபி ஷாப் என்று பெயர், நம்ம காப்பி இல்லை. ஒருவருக்கு ஐந்து கிராம் விற்கலாம், கடையில் 500 கிராம் வைத்துக்கொள்ளலாம், கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் அந்தக் கடைக்குச் சரக்கு கொண்டுவந்து கொடுப்பது குற்றம்! விற்பது சரி, வாங்குவது சரி, வந்த வழி மட்டும் தப்பு. இதை “பின்கதவுப் பிரச்சினை” என்றே அவர்கள் பேசுகிறார்கள். பயிரிடுவதற்கும் லைசென்ஸ் கொடுத்துப் பார்க்கும் சோதனையை 2023 டிசம்பரில்தான் இரண்டு நகரங்களில் ஆரம்பித்தார்கள். நாற்பத்தேழு வருடம் கழித்து.

உருகுவே வேறு மாதிரி. 2013-ல் சட்டம், 2017-ல் மருந்துக் கடையில் விற்பனை. பதிவு செய்தவருக்கு மட்டும், மாதம் 40 கிராம், விரல் ரேகை வைத்து வாங்க வேண்டும். நம் ரேஷன் கடை மாதிரி! ரேகை விழாமல் நம் வீட்டுப் பெரியவர்கள் படும் பாடு அங்கேயும் உண்டோ என்னவோ. கனடா 2018 அக்டோபர் 17 முதல். பொது இடத்தில் 30 கிராம் வரை வைத்துக்கொள்ளலாம். கியூபெக் மாகாணத்தில் அரசே கடை நடத்துகிறது, 21 வயது ஆகியிருக்க வேண்டும். தாய்லாந்து 2022 ஜூனில் திறந்துவிட்டது, எல்லாத் தெருவிலும் கடை. விற்பனைக்கு முழுச் சட்டம் வருவதற்கு முன்னே கடைகள் வந்துவிட்டன. 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று திரும்பிவிட்டார்கள். லட்சக்கணக்கில் முதல் போட்டுக் கடை வைத்தவர்களை நினைத்துப் பாருங்கள்.

நம் ஊர் நிலைமை? ஆந்திர–ஒடிசா எல்லை மலைகளில் விளைவது ரயிலில் கேரளம் போகும் வழியில் சேலம் ஜங்ஷன் இருக்கிறது. “கேட்பாரற்றுக் கிடந்த பையில் கஞ்சா” என்ற செய்தியை வாரம் தவறாமல் படிக்கிறோம். பை கிடைக்கிறது. பையைக் கொடுத்தவன் கிடைப்பதில்லை. பிடிபடுகிறவன் பெரும்பாலும் கூலிக்குத் தூக்கி வந்தவன். இதனால் லைசென்ஸ் கொடுத்துவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. படிக்கிற வயசுப் பிள்ளைகள் கெட்டுப் போனதைக் கண்ணால் பார்த்தவன் நான். லைசென்ஸ் வந்தாலும், வராவிட்டாலும், கூலிக்காரனைத் தாண்டி மேலே போகிற கை வேண்டும் என்கிறேன்.

நாருக்காக வளர்க்கும் கஞ்சா வகைச் சணல் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல எழுதி வந்தேன்... ஐந்து நிமிடம்தான் என்கிறார்கள். மூன்றா? சரி. உத்தரகண்டில் 2018-ல் லைசென்ஸ் கொடுத்தார்கள். போதை தரும் சத்து 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 2021 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதன் விதையையும் எண்ணெயையும் மாவையும் உணவாக விற்க விதிமுறை போட்டது. விதை வாங்கும்போது பாக்கெட்டில் அந்த ஆணையத்தின் உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். சித்த மருந்தில் கஞ்சா சேர்ந்திருந்தால் மருத்துவர் மேற்பார்வையில் உண்ணவும் என்ற எச்சரிக்கை லேபிளில் இருக்க வேண்டும். அது இல்லாமல் சந்தையில் டப்பாவில் விற்கும் லேகியத்தைத் தொடாதீர்கள்.

கடைசியாக ஒன்று, இதைச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டேன். 64-ஏ பிரிவு. எழுதிக்கொள்ளுங்கள், ஆறு நான்கு ஏ. பழக்கத்துக்கு அடிமையான ஒருவர் சிறிய அளவோடு பிடிபட்டு வழக்கு வந்தாலும், தானாக முன்வந்து அரசு நடத்துகிற அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை எடுத்துக்கொண்டால் அந்த வழக்கிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டால் விலக்கையும் எடுத்துவிடுவார்கள். பையன் மாட்டிக்கொண்டான் என்று வீட்டை அடகு வைக்க ஓடுகிற பெற்றோர், முதலில் வக்கீலிடம் இந்த ஒரு பிரிவைப் பற்றிக் கேளுங்கள். என் அனுபவத்தில் பத்துக் குடும்பத்தில் ஒன்றுக்குக்கூட...

சரி, சிவப்பு விளக்கு எரிகிறது. வணக்கம்.