தண்ணி காட்டிய நார்

நேயர்களுக்கு வணக்கம். திருவொற்றியூர் காலாடிப்பேட்டை மார்க்கெட்டில் பூ வாங்கியவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். பூக்கார ஆயாவின் மடிக்குப் பக்கத்தில் ஈரச் சாக்கு, அதற்குள் வாழைநார்க் கற்றை. பேரம் பேசிக்கொண்டே ஒரு நாரை உருவி மல்லியைக் கட்டிவிடுவார். இப்போது பாதிப் பேர் நூலுக்கு மாறிவிட்டார்கள். நான் பேச வந்தது அந்த வாழைநாரில் துணி நெய்வதைப் பற்றி. நான் துணி வடிவமைக்கிறவள். பல வருடங்களாக இந்த நாரோடுதான் என் பிழைப்பு.

முதன்முதலில் தறியில் இதை ஊடையாக, அதாவது குறுக்கே ஓடும் இழையாகக் கொடுத்தபோது நாலு விரல் அகலம்கூட நெய்ய முடியவில்லை. படக் படக்கென்று அறுந்தது. கஞ்சி போட்டோம், எண்ணெய் தடவினோம், கேட்கவில்லை. பாலியஸ்டர் இழையைச் சேர்த்து முறுக்கினால் சரியாகிவிடும் என்று அனுபவப்பட்டவர்களே சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அன்று சாயங்காலம் பூ வாங்கப் போனபோது என் பையில் இருந்த நாரை ஆயா எடுத்துப் பார்த்தார். "இன்னாமா, நார இப்படி காய வெச்சிருக்கே? இதுக்குத் தண்ணி காட்டணும். காஞ்ச நாரு ஒடியும், நனைஞ்ச நாரு வளையும்" என்றார். சொன்னதோடு விடவில்லை. தன் சொம்புத் தண்ணீரில் முக்கி, உதறி, ஈரச் சாக்கில் சுற்றி வைத்தார். ஐந்தாறு பேருக்குப் பூ அளந்துவிட்டு, பிரித்து என் கையில் கொடுத்தார். விரலில் சுற்றினேன். ஒடியவில்லை.

மறுநாள் ஊடை இழையைச் சுற்றிய தார்க்குச்சியை ஈரத்துணியில் பொதிந்து வைத்து நெய்தோம். தறிக்குக் கீழே தண்ணீர் தெளித்தோம். கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்துவிட்டோம். ஒரு முழம் நெய்யும்வரை நார் அறுந்துபோகவே இல்லை. எங்கள் பக்கத்து உப்புக்காற்றைக் குறை சொல்லாத வீடு கிடையாது. அன்றைக்கு அந்தக் காற்றின் ஈரம்தான் கைகொடுத்தது.

ஜப்பானில் ஒகினாவா தீவில், கிஜோகா என்ற ஊரிலும் வாழைநாரில் துணி நெய்கிறார்கள். பாஷோஃபு என்று அதற்குப் பெயர். போருக்குப் பிறகு நசிந்துபோன அந்த நெசவை மீட்டெடுத்தவர் தாய்ரா தோஷிகோ என்ற அம்மையார். 1974-இல் ஜப்பான் அரசு அதை நாட்டின் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. அவர்களும் நாரை ஈரமாக வைத்துத்தான் நெய்கிறார்கள். வறண்ட காற்றில் அவர்களுக்கும் அறுகிறது. நம் ஆயா சொன்ன அதே பாடம்.

இந்த நார் எங்கிருந்து வருகிறது? வாழையில் நாம் தண்டு என்று பார்ப்பது ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிய மட்டைகள். அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 100 கிலோ மரத்தைச் சுரண்டினால் ஏறத்தாழ ஒரு கிலோ நார் தேறும். வெளி மட்டை நார் முரடு, பைக்கும் திரைச்சீலைக்கும் ஆகும். உள்ளே போகப் போக மெலிசு, துப்பட்டாவுக்கு அதுதான். நார் எதுவோ அதற்கேற்ற துணி. வடிவமைப்பு என்று நான் சொல்வது அதைத்தான்.

வாழை ஒரு முறைதான் குலை தள்ளும். குலையை வெட்டியதும் மரம் குப்பை. அந்த ஓரிரு நாளிலேயே நாரை எடுத்துவிட வேண்டும், விட்டால் அழுகிக் கறுத்துவிடும். ஆயுத பூஜை முடிந்ததும் ராயபுரத்தில் பட்டறை வாசலெல்லாம் வாழைமரம் கிடக்கிறதே, அதை எடுக்கலாமே என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். அவை பெரும்பாலும் குலை தள்ளாத இளங்கன்றுகள், வாடியும் போயிருக்கும். அதில் நல்ல நார் கிடைக்காது. வெட்டிய மரத்தை அப்படியே லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவருவதும் தண்ணீரைச் சுமப்பது போலத்தான், வீண். வாழைத் தோட்டத்திலேயே நாரைப் பிரித்து, காயவைத்து, லேசான கற்றையாக அனுப்பட்டும். இங்கே வந்ததும் மறுபடி தண்ணி காட்டிக்கொள்ளலாம்.

திரும்பவும் பாலியஸ்டருக்கு வருகிறேன். அது கலந்த துணியை மண்ணில் போட்டால் நார் மக்கும், பிளாஸ்டிக் இழை மக்காது. இரண்டையும் பிரித்தெடுக்கவும் எளிதான வழியில்லை. பாவுக்கு, அதாவது நீளவாட்டில் ஓடும் இழைக்கு, பருத்தி போதும். பாவு நூல்தான் இழுவையையும், சீப்பு போன்ற தறி அச்சின் உரசலையும் தாங்க வேண்டும். முடிச்சு முடிச்சாக நீட்டிய வாழைநார் எங்கள் தறியில் அங்கே தாங்குவதில்லை, ஊடையில் நன்றாக ஓடும். பல்லாவரம் பக்கம் அனகாபுத்தூர் நெசவாளர்கள் ஒரு காலத்தில் நைஜீரியாவுக்கு மெட்ராஸ் கைக்குட்டை என்ற கட்டம் போட்ட துணி நெய்தவர்கள். இன்று வாழைநார்ப் புடவைக்குப் பேர் பெற்றவர்களும் அவர்கள்தான். புடவை வாங்கும்போது ஓரத்து இழை ஒன்றை எடுத்துக் கவனமாகக் கொளுத்திப் பாருங்கள். காகித வாசனையோடு சாம்பலானால் பிளாஸ்டிக் இல்லை. உருகிக் கெட்டி மணியாக உருண்டால் கலப்பு.

அன்னாசி இலை நாரைப் பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன், நேரமாகிவிட்டதாகச் சைகை காட்டுகிறார்கள். துவைப்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வாழைநார்த் துணியை முறுக்கிப் பிழியாதீர்கள், நிழலில் காயப் போடுங்கள். பீரோவில் ஒரே மடிப்பாக விட்டால் மடித்த இடத்தில் நார் ஒடியும், அதனால் மாதம் ஒரு தடவை மடிப்பை மாற்றுங்கள். லேசாகத் தண்ணீர் தெளித்து, முழுக்கக் காய்வதற்கு முன்பே இஸ்திரி போடுங்கள். வணக்கம்.