குளம் பார்க்கப் போகிறவர்களுக்கு

வணக்கம் நேயர்களே.

கிளிநொச்சி இரணைமடுக் குளம் நிறைந்து வான் பாய்கிறது என்று செய்தி வந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை குளக்கட்டின் மேல் நிற்க இடமிருக்காது. வான்கதவுக்குக் கீழே நுரைத்து ஓடும் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்து, படமும் எடுத்துக்கொண்டு எல்லோரும் திரும்பிவிடுவார்கள். அந்த நாட்களில் அங்கே பார்ப்பதற்கு வேறு அதிகம் இல்லைத்தான். தண்ணீர் காட்டு மரங்களின் இடுப்புவரை ஏறி நிற்கும். பறவைகள் சிதறிப் போயிருக்கும். கட்டுக்கு எதிரே நீர் ஏறி இறங்கும் அலைகரையில் பாதையெல்லாம் சேறாய்க் கிடக்கும். ஆறுதலாகக் குளம் பார்க்க விரும்புகிறவர்கள் தண்ணீர் இறங்கத் தொடங்கிய பிறகு வாருங்கள் என்பதுதான் என் கட்சி.

எங்கள் குளங்கள் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையில் நிறைகின்றன. பெப்ரவரி, மார்ச் மாதங்களில் மழை ஓய்ந்திருக்கும், பாதை காய்ந்திருக்கும், மாரி மழையில் விதைத்த காலபோக நெல் வெட்டும் நடந்துகொண்டிருக்கும். வடக்கே இருந்து வந்த தாராக்களும் உள்ளான்களும் இன்னும் திரும்பிப் போயிரா. கரையோரத்தில் ஒரு பட்டை சேறு வெளிப்பட்டு, அவற்றுக்குத் தீன் கிடைக்கும். ஏப்ரலில் அவை கிளம்பிவிடும். கோடை நெல்லான சிறுபோகத்துக்குத் துருசு என்னும் மதகைத் திறந்ததும் நீர்மட்டமும் வேகமாக இறங்கும்.

சுவிஸிலிருந்து பள்ளி விடுமுறைக்கு வரும் உறவினர்களுக்கு இது எதிர்மாறாகப் படும். அங்கே மலை ஏரிகள் பனி உருகிக் கோடையில் நிறையும். அவர்கள் இங்கே வந்து இறங்கும் ஜூலை, ஓகஸ்ட்டிலோ எங்கள் குளம் அடிமட்டத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். அதற்காக அவர்கள் ஏமாற வேண்டியதில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் இரணைமடு. 1902ஆம் ஆண்டு வேலை தொடங்கிய குளம் இது. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டியது. ஏ9 வீதியில் கிளிநொச்சி நகருக்குத் தெற்கே இரணைமடுச் சந்தியில் இறங்கி, கிழக்கே திரும்பினால் கட்டுக்குப் போகலாம். ரயிலில் வருகிறவர்கள் கிளிநொச்சி நிலையத்தில் இறங்கி ஓட்டோ பிடிக்கலாம். திரும்பி வரும் நேரத்தையும் அவரிடமே பேசிக்கொள்ளுங்கள். கட்டடியில் வாகனம் கிடைக்கும் என்று நம்பி நிற்கக்கூடாது.

கட்டுக்குக் காலை ஆறு மணிக்கு வந்துவிட வேண்டும். ஆறு வடக்கு நோக்கி ஓடுவதால் கட்டு குளத்தின் வடக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதில் நின்று குளத்தைப் பார்த்தால் முகம் தெற்கே இருக்கும். பெப்ரவரியில் சூரியனும் தெற்கே சாய்ந்தே போகும். ஒன்பது மணியானால் தண்ணீர் முழுவதும் கண்ணைக் கூசும். பறவையெல்லாம் கறுப்புப் புள்ளிதான். படம் சரிவரவில்லை என்று கமெராவைக் குறை சொல்வார்கள், பிழை நேரத்தில் இருக்கிறது. ஜூலையில் உச்சிச் சூரியன் எங்களுக்குச் சற்று வடக்கே நிற்கும். வெயில் முதுகில் அடிக்கும், பார்வை தெளிவாக இருக்கும். கோடையில் வருகிறவர்களுக்கு முதல் வாய்ப்பு அது.

சைக்கிள் கொண்டுவந்தால் காற்றைப் பார்த்து மிதியுங்கள். மாசியில் வாடை வீசும். முதலில் கிழக்கே எதிர்காற்றில் போய், களைத்த பிறகு காற்றோடு திரும்புவது சுகம். கட்டில் கிரவல், ஓரமெல்லாம் நெருஞ்சி. மெல்லிய ரயர் தாங்காது. ஒட்டுப்போடும் சாமானும் பம்பும் இல்லாமல் வந்தால் உருட்டிக்கொண்டுதான் போகவேண்டும். ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர் எடுங்கள். பைனாகுலர் வாங்குவதென்றால் எட்டு மடங்கு காட்டுவது போதும். பத்து மடங்குக் கருவி கட்டில் அடிக்கும் காற்றில் கை நடுங்க, படமும் நடுங்கும்.

எங்கே நின்று பார்ப்பது? நடுக்கட்டில் நின்றால் ஆழத் தண்ணீர்தான் தெரியும். அங்கே நீர்க்காகமும் ஆலாவும் தவிர அதிகம் இராது. கட்டு முடியும் இரண்டு கரைப்பக்கத்துக்கும் போங்கள். தண்ணீர் முழங்காலளவாகும் இடத்தில்தான் கூட்டம். தாமரை படர்ந்த மூலையில் இலைக்கோழியைத் தேடுங்கள். விரல்கள் உடம்புக்குப் பொருந்தாத நீளம். பாரம் பரவுவதால் இலை தாழ்வதில்லை. நீளவால் இலைக்கோழியில் முட்டையில் அடை இருப்பது ஆண்தான். பெட்டை அடுத்த ஆணைப் பார்த்துப் போய்விடும். கரைக்கல்லில் நத்தை ஓடுகள் உடையாமல் குவிந்து கிடந்தால் பெரும்பாலும் நத்தைகொத்தி நாரையின் வேலை. மூடிய அலகுக்கும் நடுவே ஒரு இடைவெளி தெரியும், அதுதான் அடையாளம். சதையை உருவித் தின்றுவிட்டு ஓட்டைப் போட்டுவிடும். ஆட்காட்டி தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றினால், அதன் முட்டை உங்கள் காலடிக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் கிடக்கிறது என்று அர்த்தம். கூழாங்கல் நிறம், கண்ணில் படாது. வந்த அடிச்சுவட்டிலேயே பின்னால் போங்கள்.

வெட்டு மெஷின் ஓடும் வயலையும் விட்டுவிடாதீர்கள். மெஷினுக்குப் பின்னால் கொக்குகள் வரிசையாக நடக்கும். வாகனத்தைவிட்டு இறங்காமலே பார்க்கலாம்.

தாராக்கள்தான் வேண்டுமென்றால் மன்னார்ப் பக்கம் கட்டுக்கரைக் குளத்துக்குப் போங்கள். முருங்கனுக்குக் கிட்ட, அகன்ற, ஆழம் குறைந்த குளம். தலைகீழாகக் கவிழ்ந்து மேயும் ஊசிவால் வாத்துக்கு அந்த ஆழம்தான் தோது. 1954இலிருந்து சரணாலயம், ஆகவே நாயைக் கூட்டிப் போவதும் பாட்டுப் போடுவதும் கூடாது. சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவானது. அங்கே உவர்நீர், வேறு பறவைகள், வேறு நாள் வேண்டும்.

இனிக் குளிப்பு. வன்னியில் குளத்தில் குளிக்காதே என்றால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஆகவே எங்கே கூடாது என்று சொல்கிறேன். துருசடியில் கூடாது. மேலே தண்ணீர் அசையாமல் கிடக்கும், அடியில் குழாய்வாய் இழுக்கும். வான்கதவுக்குக் கீழுள்ள குழியில் கூடாது. விழுந்த தண்ணீர் அடியில் சுழன்று திரும்புவதால் நீச்சல்காரனையும் மேலே விடாது. அலைகரையில் கூடவே கூடாது, முதலை. கட்டின் அலைகற்களில் நீர்மட்டத்துக்குக் கீழே பாசி பிடித்திருக்கும், செருப்புக் கால் நிற்காது. ஊரார் குளிக்கும் துறையைக் கேட்டு அங்கே மட்டும், இடுப்பளவுக்குள் குளியுங்கள். தோணியில் ஏறுவதென்றால் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஏறவேண்டாம்.

பாதையைவிட்டு விலகாதீர்கள் என்று நான் சொல்வது பாம்புக்கு மட்டுமல்ல. கண்ணிவெடியை எச்சரிக்கும், மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகை கண்டால் அதற்கப்பால் ஓரடியும் வைக்கக்கூடாது. பலகை இல்லாத இடத்திலும் தண்ணீர் வடிந்த தரையில், மழை அரித்த கரையில் பழைய வெடிபொருள் வெளித்தெரியலாம். துருப்பிடித்த இரும்பு எதையும் தொடாமல், இடத்தை நினைவில் வைத்துப் பொலிஸின் 119க்குச் சொல்லுங்கள். பாம்பு கடித்தால் கட்டுவதும் கீறுவதும் வேண்டாம். கடிபட்ட கையை அல்லது காலை அசைக்காமல் வைத்து அம்புலன்ஸுக்கு 1990 எண்ணில் எடுங்கள்.

கோடையில் வருகிறவர்களுக்கு வருகிறேன். ஜூலையில் அலைகரை முழுவதும் புல்வெளியாகிவிடும். மிஞ்சிய தண்ணீரில் மீன் நெருங்கிக் கிடப்பதால் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் ஒரே இடத்தில் கூடும். அப்படி ஒரு கூட்டத்தை நிறைந்த குளத்தில் பார்க்க முடியாது. ஆனால் காட்டுக்குள் நீர் வற்றும்போது யானையும் குளத்துக்கே வரும். பின்னேரம் ஐந்து மணிக்கு முன் காட்டுப் பாதையைவிட்டு வெளியேறுங்கள். வழியில் யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள். இறங்கக்கூடாது, ஹோன் அடிக்கக்கூடாது, எஞ்சினை நிறுத்தவும் கூடாது. அசையாவிட்டால் பின்னால் எடுங்கள். மோட்டார் சைக்கிளில் வருகிறவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

மீன் வாங்க ஆசையென்றால் இரவு போட்ட வலை விடியலில் கரைக்கு வரும்போது அங்கே நில்லுங்கள். விரால் கிடைத்தால் விடாதீர்கள். வெயில் ஏறினால் திலாப்பியா சீக்கிரம் இளகிவிடும், செவுள் சிவப்பாக இருப்பதைப் பார்த்து எடுங்கள். ஐஸ் பெட்டியை வீட்டிலிருந்தே கொண்டு வாருங்கள்.

மே தொடங்கி ஜூலைவரை வீதியோரம் பாலைப்பழம் விற்பார்கள். புதிதாகச் சாப்பிடுகிறவர்கள் ஒரு சுண்டு வாங்கி வாயில் கொட்டிவிட்டு, உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ள முழிப்பார்கள். அந்தப் பால் தண்ணீருக்கு அசையாது. சாப்பிடுமுன் உதட்டில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசிக்கொள்ளுங்கள். மறந்துவிட்டால் பிறகு பூசித் துடைத்தாலும் போகும். ஏ9 வீதியில் முறிகண்டியில் கச்சான் வாங்க எப்படியும் நிற்பீர்கள், எண்ணெய்ப் போத்தலையும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

வணக்கம்.