குகன் சொன்ன தோழமை

[திரையில்: கங்கைக் கரை, ஓடங்கள்]

வணக்கம். தோழமை என்றால் என்ன? நட்பும் அதுவும் ஒன்றுதானா? இதற்கு நான் போகிற முதல் இடம் கம்பராமாயணம்.

காட்டுக்குப் போன ராமனைத் தேடிப் பரதன் வருகிறான். கங்கையின் வடகரையில் பெரும் படை வந்து நிற்கிறது. தென்கரையிலிருந்து பார்க்கிற குகன், ராமனைக் கொல்லத்தான் தம்பி வருகிறான் என்று நினைத்துவிடுகிறான். இவர்கள் இந்த ஆற்றைக் கடந்துவிடுவார்களா, யானைப் படையைக் கண்டு ஒதுங்குகிற வில்லாளியா நான் என்று கொதிக்கிறான். அப்புறம் வருகிறது இந்த வரி:

[திரையில்: "தோழமை என்றவர் சொல்லிய சொல் ஒரு சொல் அன்றோ"]

என்னைத் தோழன் என்றாரே, அது வெறும் பேச்சா என்று கேட்கிறான். அடுத்த அடியில், 'அந்த ஏழை வேடன் செத்துப்போகவில்லையே' என்று ஊர் என்னை ஏசாதா என்கிறான்.

குகனுக்கும் ராமனுக்கும் பல வருடப் பழக்கம் எதுவும் இல்லை. சேர்ந்து இருந்ததே ஓரிரு நாள்தான். ஒருவன் அரச குமாரன், மற்றவன் ஓடம் விடுகிற வேடர்களின் தலைவன். ஆனாலும் அந்த ஒரு வார்த்தைக்காகச் சாகத் துணிகிறான். நட்பு பழகப் பழக வளரும். தோழமை அப்படிக் காத்திருப்பதில்லை. 'உன் பக்கம் நான் நிற்கிறேன்' என்று சொன்ன நிமிடமே அது தொடங்கிவிடுகிறது. பரதனை மரவுரியில், அழுத முகத்தோடு பார்த்ததும் குகன் கையிலிருந்த வில் தானே நழுவி விழுகிறது. அவன் சந்தேகம் தப்பு. ஆனால் நின்ற நிலை தப்பில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

சங்க அகப்பாடல்களில் வரும் தோழியும் இப்படித்தான். செவிலித்தாயின் மகள்தான் தோழி என்கிறது தொல்காப்பியம். தலைவியின் காதல் வீட்டுக்குத் தெரியாமல் இருக்கும்வரை காவல் காப்பவள் அவள். வேறு இடத்தில் பெண் கேட்டு வரும்போது, உண்மையைப் போட்டு உடைப்பவளும் அவள்தான். அதற்கு 'அறத்தொடு நிற்றல்' என்று பெயர். கோபம் முதலில் யார் மேல் பாயும் என்று யோசித்துப் பாருங்கள்.

[திரையில்: உலக வரைபடம்]

சரி, மற்ற மொழிகளுக்கு வருவோம். காம்ரேட் என்ற சொல்லின் வேர், அறை என்று பொருள்படும் லத்தீன் சொல். ஸ்பானிய மொழியில் 'கமராதா' என்றால் ஒரே அறையில் தங்குபவர். படைவீரர்கள் ஒருவரையொருவர் அப்படி அழைத்தார்கள். கம்பேனியன் என்பதற்குள் ரொட்டி இருக்கிறது: சேர்ந்து சாப்பிடுகிறவர். சீனத்தில் 'தோங்ஜி', ஒரே நோக்கம் உள்ளவர். மலையாளிகள் 'சகாவு' என்கிறார்கள். நம்மிடம் கூட்டாளி, சகா, நெல்லைப் பக்கம் சேக்காளி என்று நிறைய உண்டு. கூட்டாளியைக் குற்றச் செய்திகளுக்கு ஒதுக்கிவிட்டோமே என்று எனக்கு வருத்தம்தான். இலங்கையிலும் மலேசியாவிலும் கூட்டாளி என்றால் இன்றும் நல்ல நண்பன்.

[திரையில்: 1932]

'தோழர்' பொதுவாழ்வுக்கு வந்த கதை தனி. சோவியத் நாட்டையும் ஐரோப்பாவையும் சுற்றிவிட்டு 1932இல் திரும்பிய பெரியார், பெயருக்கு முன்னால் ஸ்ரீ, திரு என்றெல்லாம் போடாமல் 'தோழர்' என்றே எழுதுங்கள், அழையுங்கள் என்று தன் குடிஅரசு இதழில் கேட்டுக்கொண்டார். கம்யூனிஸ்டுகளும் இதே சொல்லைத்தான் புழங்கினார்கள்.

அதன் பலத்தைப் பார்க்க 1940களின் தஞ்சை வயல்களுக்குப் போக வேண்டும். அங்கே பண்ணையாளுக்குச் சவுக்கடியும், சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்தன. பண்ணையார் வீட்டுச் சின்னப் பையன்கூட வயதானவரை 'டேய்' என்று கூப்பிடுவான். கர்நாடகப் பகுதியில் பிறந்த கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் அங்கே வந்து, சேரிகளிலேயே தங்கி, விவசாயிகளுக்குச் செங்கொடிச் சங்கம் கட்டினார். சங்கத்துக்குள் தலைவரும் தோழர், நாற்று நடுகிற அம்மாவும் தோழர். ஐயா, சாமி என்று குனிந்தே பழகிய வாய்க்கு, எதிரே இருப்பவரை நிமிர்ந்து பார்த்து அழைக்க ஒரு சொல் கிடைத்தது. ஒரு ஊரில் அடி விழுந்தால் பக்கத்து ஊர் ஆட்கள் திரண்டு வந்தார்கள். போராடித்தான் சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் முடிவு கட்டினார்கள்.