தோலுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்தோம்

[காட்சி: கிளிநொச்சிச் சந்தை. தராசுத் தட்டில் ஒரு கட்டு லீக்ஸ்.]

வணக்கம். இந்த லீக்ஸ் நுவரெலியாப் பக்கம் விளைந்து, தம்புள்ளையில் கைமாறி, ஏ9 வீதியால் லொறியில் வந்தது. லொறிக் கூலியும் விலைக்குள் இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுபோனதும் மேல் இலையில் பாதியை வெட்டிக் கோழிக்கு வீசுகிறோம். தராசில் அதையும் சேர்த்துத்தானே நிறுத்தார்கள்?

[காட்சி: அடுப்படி. வாழைக்காய் சீவும் கை.]

இன்றைக்கு வாழைக்காய்க் கறி. காயின் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு தோலாகவே போய்விடும். அந்தத் தோலில் ஒரு வறை செய்வோம். கையில் கொஞ்சம் எண்ணெய் பூசிக்கொள்ளுங்கள், கயர் ஒட்டாது. மேல் நாரை மெல்லிசாகச் சீவிவிட்டு, தோலைச் சின்னதாக அரிந்து உடனே உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரில் போடுங்கள். வெளியில் கிடந்தால் கறுத்துவிடும். பத்து நிமிடம் அவித்து வடித்தால் துவர்ப்பு பெரும்பாலும் இறங்கிவிடும். கடுகு, செத்தல் மிளகாய், வெங்காயம், கறிவேப்பிலை தாளித்து, தோலைப் போட்டுப் பிரட்டுங்கள். கடைசியில் தேங்காய்ப்பூ.

[காட்சி: திருவலையில் பாதித் தேங்காய். கை நிற்கிறது.]

கொஞ்சம் பொறுங்கள். கணக்கு பிழைப்பது இந்த இடத்தில்தான். ஒரு பிடி தோலைக் காப்பாற்றப் புதிதாக ஒரு பாதித் தேங்காயைத் திருவினால், இப்போதைய விலைக்கு அது நட்டம். கறிக்குப் பால் பிழிந்த பூ சட்டிக்குள் இருக்கிறதே, அதைப் போடுங்கள். ருசி கொஞ்சம் குறையும், மறைக்கவில்லை. என் அம்மம்மா அதை வெறுஞ்சட்டியில் இளஞ்சிவப்பாக வறுத்துப் போடுவா. அப்போது குறை தெரியாது. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலை ஒரு வருடத்துக்குள் 94.9 வீதம் ஏறியிருந்தது. எங்கள் வீட்டுக்கு இந்த வறை திரும்பி வந்தது அந்த நாட்களில்தான்.

[காட்சி: சட்டியில் கொதிக்கும் தண்டுகள்.]

சரி, அந்த லீக்ஸ் இலை? கரட் அடி, கோவாத் தண்டுடன் சேர்த்து நன்றாகக் கழுவி, நாலு மிளகு தட்டிப் போட்டு இருபது நிமிடம் கொதிக்க வையுங்கள். வடித்த தண்ணீரில் சொதி வையுங்கள். கோவாவைக் கூட்டினால் நாறும், ஒரு துண்டு போதும். சோறு வேகும்போது பக்கத்து அடுப்பில் ஏற்றினால் விறகும் மிச்சம். பீற்றூட் இலை வறைக்கு, வத்தகப்பழத்தின் வெள்ளைச் சதை பால்கறிக்கு. இளம் பூசணிக்குத் தோல் சீவவே தேவையில்லை.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் இதெல்லாம் அன்றைக்கே சட்டிக்குப் போக வேண்டும். நாளைக்கு என்று வைத்தால் குப்பைதான்.

[காட்சி: முற்றத்தில் ஒதுக்கி வைத்த ஒரு குவியல்.]

இந்தக் குவியல் சமையலுக்கு இல்லை. கோவாவின் ஆக வெளி இலையில் பூச்சிமருந்து தங்கியிருக்கலாம், அதைக் கழற்றிவிடுங்கள். பச்சை நிறம் பிடித்த உருளைக்கிழங்குத் தோலும் முளையும் நஞ்சு. மரவள்ளித் தோலில் சயனைட்டு உண்டாக்கும் பொருள் கிழங்கின் சதையை விடக் கூட, அதனால் ஆட்டுக்கும் பச்சையாகப் போடாதீர்கள்.